மருந்துக் கடையில் வாங்கிய எரிபொருள்

பென்ஸ் என்றதும் செல்வரின் வாகனமே நம் நினைவுக்கு வருகிறது. தொடக்கத்திலோ அதனை வாங்குவார் அரியராயிருந்தனர். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் என்பார் 1886 ஜனவரி 29ஆம் நாள் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரினார். முன்னரே தம் சீதனப் பணத்தை ஈந்து அவர் தொழிலைக் காத்தவர் மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில் அவ்வம்மையார், கணவரிடம் சொல்லாமலே, புதல்வர் இருவருடன் அவ்வண்டியிலேறி, நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். தாய்வீட்டுப் பயணத்தை எந்தக் கணவர்தாம் தடுத்தல் கூடும்!

வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லாக் ஊர் மருந்துக் கடையில், கறை நீக்க விற்கும் லிக்ரோயின் என்னும் திரவத்தை வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். தேய்ந்த பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவர் ஒருவர் தோல் பொருத்தினார். மேடுகளில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். இக்குறையை அவர் கணவரிடம் எடுத்துரைத்ததன் பயனாகவே, மேடேறுதற்கு மற்றொரு கியர் சேர்க்கப்பட்டது.

1926இல் டைம்லர் கம்பெனியுடன் இணைந்து மெர்ஸிடிஸ்-பென்ஸ் பிறந்தது. இந்தியாவில் 1954இல் டாட்டா கம்பெனி அதனுடன் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரிகள் செய்யலாயிற்று. நம்மவருள் மூத்தோர் பலர் அந்த மும்முனை நட்சத்திரத்தை முதன்முதலில் கண்டது காரில் அன்று, லாரியின் முகப்பிலேதான்.