தாம்பரத்தில் ஒரு ‘துப்பாக்கி’ ரகசியம்!

“வீட்ல ஒரு பழைய மிலிட்டரித் துப்பாக்கியைப் பிரிச்சுப் போட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை வந்தீங்கன்னா பாக்கலாம்!”

போனில் ஒருவர் இப்படிக் கூப்பிட்டால் சும்மா இருக்க முடியுமா? மின்சார ரயிலில் ஏறிவிட்டேன். தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் வக்கீல் நண்பரின் நம்பர் போனில் இருக்கிறதா என்று மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

மேற்குத் தாம்பரத்தில் அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே மண்ணெண்ணெய் வாசனை. போனில் அழைத்தவர் கைலி, பனியன், முழங்கை வரை கரியோடு நின்றார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவராம்! தரையில் பழைய நாளிதழ்கள். அவற்றின் மேல் வரிசையாக இட்லித் தட்டுகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு நட்டு, ஒரு ஸ்ப்ரிங், ஒரு வாஷர். “கழட்டின வரிசையிலேயே வெச்சிருக்கேன். மாட்டும்போது குழம்பக் கூடாது பாருங்க.” உள்ளேயிருந்து வீட்டம்மாவின் குரல்: “அந்தத் தட்டு இனிமே அடுப்படிக்கு வரக்கூடாது!”

“சார், துப்பாக்கி?”

தார்ப்பாயை இழுத்தார். சக்கரம் இல்லாமல், டேங்க் இல்லாமல், எலும்புக்கூடாக ஒரு புல்லட் 350!

என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு. “பொய் சொல்லல தம்பி. கதையைக் கேளுங்க.”

லண்டனை ஒட்டிய என்ஃபீல்டில் அரசுத் துப்பாக்கி ஆலை ஒன்று இருந்தது. நம்மூர் போலீஸ்காரர்கள் தோளில் காலங்காலமாகத் தொங்கிய .303 ரைஃபிளின் முழுப்பெயர் லீ-என்ஃபீல்டு. போல்ட்டை வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீயின் பெயர் பாதி, அந்த ஊரின் பெயர் மீதி. ரெட்டிச் என்ற ஊரின் சைக்கிள் கம்பெனி ஒன்று அதே ஆலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்தது. அந்தப் பெருமையில்தான் 1893-ல் தன் சைக்கிளுக்கு ‘ராயல் என்ஃபீல்டு’ என்று பெயர் வைத்தது. சின்னமாகப் பீரங்கி, கூடவே ‘துப்பாக்கி போலச் செய்தது’ என்ற வாசகம். 1932-ல் வந்த பைக்குக்குப் பெயரோ புல்லட், தோட்டா! ஆக, ரைஃபிளுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி.

அவருடைய முதல் காதல் என்னவோ அண்ணன் மேல்தான். கல்லூரியில் என்சிசி; .303-ன் குழலுக்குள் புல்த்ரூ கயிற்றில் துணி கோத்து இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பரவசம் இன்னும் கண்ணில் இருக்கிறது. “ஒண்ணு வாங்கி, கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்ச்சு வெச்சுக்கணும்னு ஆசை. நடக்குமா? அது தடை செஞ்ச ரகம். சாதாரண லைசென்ஸுக்கெல்லாம் கிடைக்காது. சரி, தம்பியைப் பிடிப்போம்னு இறங்கிட்டேன்.”

தம்பியும் பட்டாளத்து ஆள்தான். 1950-களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கு நம் ராணுவம் புல்லட் கேட்க, மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்திலிருந்து தருவித்தது. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா பிறந்து, திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1970-ல் இங்கிலாந்தில் கடையையே மூடிவிட்டார்கள். நம்மூரில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. 2013-லிருந்து தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே, ஒரகடத்திலும்!

இப்போது உண்மையான விருந்து. டேங்கை மடியில் வைத்துக்கொண்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிறார். மேலே சிவப்பு. அதன் கீழே கறுப்பு. அதற்கும் கீழே… பச்சை! மிலிட்டரிப் பச்சை! “இருங்க, இதைப் பாருங்க” என்று பின் மட்கார்டைத் திருப்பினார். சுரண்டிய இடத்தில் மங்கலாக ஒரு மேல்நோக்கிய அம்பு, பக்கத்தில் 84. ராணுவ வண்டி எண்ணில் அம்புக்கு அடுத்து வருவது, வண்டியை வாங்கிய வருடம். கத்தியேவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து மறுபடி அழைப்பு. இடையில் பல வெள்ளிக்கிழமைகள் பல்லாவரம் சந்தையில் வெயில் காய்ந்து, பழைய ஆம்ப் மீட்டர் ஒன்றைப் பிடித்திருக்கிறார். அதுதான் இந்த வண்டியின் நாடி. சாவியைத் திருப்பினால் முள் சாய்கிறது. கிக்கரை மெல்ல அழுத்த, முள் நடுவுக்கு வருகிறது, பாயிண்ட் திறந்தாயிற்று. டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து ஒரு நூல் தள்ளி, விட்டு, ஒரே உதை!

டக்… டக்… டக்… ஜன்னல் கம்பி அதிர்கிறது. எதிர்வீட்டுக் குழந்தைகள் கேட்டில் தொற்றிக்கொண்டார்கள்.

ஆனால் வண்டி கறுப்பு. தங்க நிறக் கோடு. “பச்சை என்ன ஆச்சு சார்?”

“ராணுவ வண்டி தவிர எதுக்கும் அந்தக் கலர் அடிக்கக் கூடாது. மோட்டார் வாகன விதியிலயே இருக்கு” என்றார். அண்ணனைத் தொட விடாத சட்டம், தம்பியின் சட்டையையும் கழற்றிவிட்டது!

கிளம்பும்போது கையைப் பிடித்து நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு டூல் பாக்ஸ் மூடியைத் திறந்தார். உட்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு, சுரண்டாமல் விட்ட பழைய பச்சை. துணியால் ஒரு தடவை துடைத்தார். மூடினார்.