லாமிங்டன் ரோட்டில் ஒரு சனிக்கிழமை

செம்பூருக்குக் குடிவந்து இருபத்திரண்டு வருடங்களாகின்றன. எங்கள் பையன் பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தி. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். இந்தக் குறை நம்மில் பலர் வீட்டிலும் உண்டு என்பதை அன்பர்கள் அறிவீர்கள்.

ஆனால் சனிக்கிழமை இரவு ஒன்பது மணியானால், "ஏலே, ஒதுங்குலே!" என்று அவன் வாயில் அசல் திருநெல்வேலித் தமிழ் புறப்படும். எதிர்முனையில் என் அண்ணன் மகன். இருவரும் கம்ப்யூட்டரில் 'ஃபோர்ஸா ஹொரைசன் 5' என்ற கார் பந்தயம் ஆடுவார்கள். ஒருவன் பாளையங்கோட்டையில், ஒருவன் செம்பூரில்; கார் ஓடுவதோ மெக்சிகோவில்!

2023 தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு ஆட்டம் விக்கி விக்கி நிற்கத் தொடங்கியது. புது கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்றான். நான் ஒதுக்கிய தொகை 25,000 ரூபாய். "அந்தப் பணத்துக்கு ஊருக்கே போயிட்டு வரலாமே" என்றாள் என் மனைவி. பதில் சொல்லத் தெரியவில்லை.

இதற்கிடையே ஒருவர் பழைய ஆர்டிஎக்ஸ் 3070 கார்டை 22,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். பையனுக்கு அதிலேயே கண். எனக்கும் சபலம்தான். எங்கள் கட்டடத்தில் இருக்கும் மராத்தி இன்ஜினியர் நண்பர்தான், "முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்" என்றார்.

பார்த்தோம். பிராசஸர் ஐ5-10400எஃப், ராம் 16 ஜிபி. ஆட்டம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் பாதிதான் உழைத்தது. கார்டு நூறு சதவீதம் திணறியது. ஆக, குற்றவாளி 4 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1650 கார்டுதான். பிராசஸர் திணறியிருந்தால் புதுக் கார்டு வாங்கியும் பெரிய பயன் இருந்திருக்காது.

அடுத்து பவர் சப்ளை. எங்களுடையது 450 வாட். எட்டு முனை ஒயர் ஒன்றே ஒன்று. 3070 கார்டு தனியாகவே 220 வாட் இழுக்கும்; அதற்கு 650 வாட் சப்ளை வேண்டும் என்கிறது கம்பெனி. அதையும் மாற்றினால் பட்ஜெட் உதைக்கும். மேலும் 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் கார்டுகளால் 'தோண்டும்' முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. இது அப்படிப்பட்டதா என்று கேட்டோம். பதில் இல்லை, ரசீதும் இல்லை.

கடைசியாக மானிட்டர். எங்களுடையது 1920க்கு 1080 புள்ளிகள், வினாடிக்கு 60 படங்கள். கார்டு 120 படம் தந்தாலும் திரை 60தான் காட்டும். காவிரியே வந்தாலும் நம் குடம் கொள்கிற அளவுதானே!

பையன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அவனே சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தான்: ஆர்எக்ஸ் 6600. நினைவகம் 8 ஜிபி, 132 வாட், 450 வாட் சப்ளை போதும். ஆர்டிஎக்ஸ் 4060 இன்னும் வேகம், 115 வாட்தான். ஆனால் விலை எங்கள் தொகையைத் தாண்டியது.

கேபினெட்டின் உள்நீளத்தை டேப் வைத்து அளந்துகொண்டு, கிராண்ட் ரோடில் இறங்கி லாமிங்டன் ரோடு போனோம். நாலு கடை விசாரித்து, ஜிஎஸ்டி ரசீதோடும் மூன்று வருட வாரண்டியோடும் 21,000 ரூபாய்க்குள் முடித்தோம். பேரம் பேசியது பையன், இந்தியில்!

அன்றிரவே ஆட்டம் தடையின்றி ஓடியது. "பெரியம்மா நல்லா இருக்காங்களாலே?" என்று நடுவில் அவன் கேட்டது சமையலறை வரை கேட்டது. என் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள்.

மிச்சமான பணம் கோடை விடுமுறையில் ஊருக்குப் போன ரயில் டிக்கெட்டுக்கு உதவியது. கார்டு வாங்கப்போகும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: கடைக்குப் போகுமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.