தப்பாகப் பிறந்த நட்சத்திரங்கள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரில் ஃப்ரன்டெரா என்றொரு மீக்கணினி இருக்கிறது. 2019-இல் ஓடத் தொடங்கியபோது உலகின் வேகமான கணினிகள் பட்டியலில் அதற்கு ஐந்தாம் இடம். அதில் நேரம் வாங்கிய ஒரு விஞ்ஞானிகள் குழு, கணினிக்குள் ஒரு வாயு முகிலை வைத்தது. அந்த முகில் தன் ஈர்ப்பாலேயே சுருங்கி, உடைந்து, நட்சத்திரங்களாவதைக் கணக்கிட்டது. 'ஸ்டார்ஃபோர்ஜ்' என்பது திட்டத்தின் பெயர். 2021-இல் வெளியான அதன் வண்ணக் காணொளியில், சூரியனைப் போல் 20,000 மடங்கு நிறையுள்ள ஒரு முகில் கொதித்து, கிழிந்து, நட்சத்திரக் கூட்டமாகிறது. பார்க்க அழகுதான். ஆனால் அறிவியல் இருப்பது அந்தக் காணொளியில் அல்ல, தப்பாகப் போன கணினி ஓட்டங்களில்.

அப்படிப்பட்ட ஓட்டங்களில் பிறந்த நட்சத்திரங்கள் சூரியனைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு பருத்துவிட்டன. வானத்தில் நிலைமை வேறு. நம் பால்வெளியில் சூரியனைவிடச் சிறிய நட்சத்திரங்களே மிகப் பெரும்பான்மை. அவற்றிலும் சூரியனில் பாதிகூட இல்லாதவை அதிகம். கணக்கில் இல்லாமல் போனது எது? பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரம் தன்மேல் விழும் வாயுவில் ஒரு பங்கை இரு துருவங்களின் வழியாகவும் பீய்ச்சியடிக்கும். இந்தத் தாரைகளைச் சேர்க்காமல் ஓட்டினால் நட்சத்திரம் பெருத்துவிடுகிறது. சேர்த்து ஓட்டினால் எடை சூரியனில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

வானத்திலிருக்கும் ஒரு நட்சத்திரத்தின் தாரையை நிறுத்திவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்க யாராலும் முடியாது. கணினியில் முடியும். இந்தத் துறைக்கு மீக்கணினி ஏன் வேண்டும் என்று கேட்டால் என் பதில் இதுதான். ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டு, விடை எவ்வளவு கெடுகிறது என்று அளக்கலாம். அந்தக் கெடுதலின் அளவே விட்டுப்போன பொருளின் முக்கியத்துவம்.

இதில் ஒரு குறையும் உண்டு. ஸ்டார்ஃபோர்ஜில் தாரைகள் தாமாகத் தோன்றவில்லை. அவை கிளம்பும் இடம், முகிலோடு ஒப்பிட்டால் அவ்வளவு சிறியது. எனவே விழும் வாயுவில் எத்தனை பங்கு வெளியேறும், என்ன வேகத்தில் போகும் என்பதை மனிதர்களே எண்களாகக் கொடுத்திருக்கிறார்கள். தாரை அவசியம் என்பது உறுதியாகியிருக்கிறது. தாரை எப்படிப் பிறக்கிறது என்பது வேறு கணக்கு.

ஏன் இப்படிக் குறுக்குவழி? ஒரே நட்சத்திரத்தைப் பெற்றெடுக்கும் அடர்ந்த முகில்கரு ஒன்றின் குறுக்களவு, ஒளியாண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அது சூரியன் அளவுக்கு ஒடுங்க இருபது லட்சம் மடங்கு சுருங்க வேண்டும். அடர்த்தி கூடுவதை எழுத, ஒன்றுக்குப் பின்னால் ஏறக்குறைய 19 சுழியங்கள் போட வேண்டும். இதில் கொடுமை காலத்தில்தான். முகில் நகர லட்சம் ஆண்டுகள் ஆகும். ஆனால் நடுவே திரண்ட நட்சத்திரத்தில் மணிக்கணக்கில் எல்லாம் மாறும். அந்த ஒரு புள்ளிக்காக முழுக் கணக்கும் மணிக்கணக்கான சின்னஞ்சிறு அடிகளாக நகர வேண்டியிருந்தால், எந்தக் கணினியும் முடித்துத் தராது. அதனால் 1995-இல் மாத்யூ பேட்டும் சகாக்களும் ஒரு தந்திரம் செய்தார்கள். ஓரிடத்தில் வாயு போதுமான அளவு அடர்ந்துவிட்டால், அதை எடுத்துவிட்டு, விழுவதையெல்லாம் விழுங்கும் ஒற்றைப் புள்ளியை அங்கே வைத்துவிடுவது. உள்ளே நடப்பது கண்ணுக்கு மறைந்துவிடும்; வெளியே கணக்கு ஓடும். இன்றும் இந்தத் துறை பெரும்பாலும் அந்தப் புள்ளிகளின் தயவில்தான் நடக்கிறது.

இந்தத் துறையின் தொடக்கம் எளிமையானது. ஈர்ப்பும் வாயு அழுத்தமும் மல்லுக்கு நிற்கையில் எந்த அளவுக்கு மேல் முகில் தோற்கும் என்று ஜேம்ஸ் ஜீன்ஸ் 1902-இல் காகிதத்திலேயே சொல்லிவிட்டார். தோற்ற பிறகு என்ன நடக்கும் என்பதை 1969-இல் ரிச்சர்ட் லார்சன் கணினியில் கணக்கிட்டார். அவருடைய முகில் சுழலாத, காந்தப்புலம் இல்லாத உருண்டை. இருந்தும் ஓர் அடிப்படை உண்மை பிடிபட்டது: முகில் முழுதும் ஒரே சீராகச் சுருங்குவதில்லை. நடுவில் முதலில் ஒரு சின்னக் கரு திரள்கிறது. மிச்சமெல்லாம் அதன்மேல் வந்து விழுகிறது. 1977-இல் லியான் லூசியும், தனியாக கிங்கோல்டு, மொனாகன் இருவரும், வாயுவைத் துகள்களின் கூட்டமாகப் பாவித்துக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பின் முகில் எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் நெளியலாம் என்றாயிற்று.

அந்த முறையில்தான் பேட், பானல், ப்ரோம் மூவரும் பிரிட்டனின் லெஸ்டரில் இருந்த கணினியில் 50 சூரியன் நிறையுள்ள ஒரு முகிலை 35 லட்சம் துகள்களாக ஓட்டினார்கள். 2002, 2003-இல் முடிவுகள் வந்தன. பிறந்தவை சுமார் ஐம்பது. அதில் ஏறக்குறைய பாதி, ஹைட்ரஜன் எரியாத பழுப்புக் குறுமீன்கள். 2009-இல் முகிலைப் பத்து மடங்கு பெரிதாக்கியபோது 1,250-க்கும் மேல் பிறந்தன. குறுமீன்கள் இப்போதும் அளவுக்கு மீறி. வானத்திலோ சில நட்சத்திரங்களுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் அவை இருக்கின்றன.

விடுபட்டிருந்தது வெப்பம். முதலில் பிறக்கும் நட்சத்திரம் தன்னைச் சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்கும்; சூடான வாயு எளிதில் துண்டாகாது. கதிர்வீச்சைச் சேர்த்து பேட் 2012-இல் வெளியிட்ட ஓட்டத்தில் அதே 500 சூரியன் நிறையுள்ள முகில் 183-ஐ மட்டும் ஈன்றது. நட்சத்திரத்துக்கும் குறுமீனுக்குமான விகிதம் வானத்தோடு ஒத்துப்போனது. போலிப் பிறப்புகளில் பெரும்பகுதியை அழித்தது கதிர்வீச்சின் சேர்க்கைதான்.

நட்சத்திரத்தைச் சுற்றி மிஞ்சும் வாயுத் தட்டுக்கு வந்தால், ஒரு சென்னைக்காரரின் பெயர் குறுக்கிடுகிறது. தட்டிலுள்ள வாயு நட்சத்திரத்தில் போய் விழ வேண்டுமானால் தன் சுழற்சியை யாரிடமாவது இழக்க வேண்டும். எப்படி? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர், காந்தப்புலத்தில் சுழலும் திரவம் எப்போது நிலைகுலையும் என்று 1960-இல் எழுதினார். ரஷ்யாவின் வெலிக்கோவ் ஓராண்டு முந்திக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகள் அது ஏட்டிலேயே கிடந்தது. 1991-இல் பல்பஸ், ஹாலி இருவரும் அதை மீண்டும் கண்டெடுத்து, கணினியில் ஓட்டி, தட்டுகளைக் கலக்கும் வல்லமை அதற்கு உண்டு என்று காட்டினார்கள். ஆனால் கோள்கள் பிறக்கும் தட்டு பெரும்பாலும் குளிர்ந்தது, மின்னூட்டம் குறைந்தது. காந்தப்புலத்தின் பிடி அங்கே நழுவுகிறது. அதையும் சேர்த்த பிந்தைய கணக்குகளில் கொந்தளிப்பு பல இடங்களில் அடங்கிவிட்டது. சுழற்சியைக் கொண்டுபோவது தட்டிலிருந்து எழும் காந்தக் காற்று என்ற எண்ணம் இப்போது மேலோங்கியிருக்கிறது.

கோள்களின் கதையில் பழைய முட்டுக்கட்டை ஒன்று உண்டு. தட்டின் வாயு தன் அழுத்தத்தால் கொஞ்சம் தாங்கப்படுவதால், திடப்பொருளைவிட மெதுவாகச் சுற்றுகிறது. ஆகவே கூழாங்கல்லுக்கும் பாறைக்கும் எப்போதும் எதிர்க்காற்று. வேகம் இழந்து அவை உள்நோக்கிச் சரிகின்றன. பூமியின் தூரத்தில் ஒரு மீட்டர் பாறை நூறு ஆண்டுக்குள் நட்சத்திரத்தில் விழுந்துவிடும் என்று 1977-இல் வெய்டன்ஷில்லிங் கணக்கிட்டார். அதற்குள் அது மலையாக வளர்வது எப்படி?

2005-இல் யூடின், குட்மன் இருவரும் சமன்பாடுகளில் ஒரு வழி கண்டார்கள். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனால் காற்றின் தடை குறையும். கூட்டம் பின்னால் வருபவர்களையும் சேர்த்துக்கொண்டு நீளும். கூழாங்கற்களும் அப்படிக் குவிகின்றன. குவியக் குவிய வாயுவையும் தங்களோடு இழுக்கின்றன, இன்னும் குவிகின்றன. 2007-இல் யோஹான்சனும் சகாக்களும் இதைக் கணினியில் ஓட்டியபோது, படிப்படியான வளர்ச்சியே தேவைப்படவில்லை. குவியல் தன் ஈர்ப்பாலேயே பொசுக்கென்று சுருங்கிக் குறுங்கோள் அளவுக்குத் திரண்டது.

இதற்கு வெளிச்சாட்சி சூரியக் குடும்பத்தின் விளிம்பிலிருந்து வந்தது. நெப்டியூனுக்கு அப்பால் இரட்டை இரட்டையாகச் சுற்றும் பொருள்களில் சுமார் 80 விழுக்காடு, சூரியனைச் சுற்றும் திசையிலேயே ஒன்றையொன்றும் சுற்றுகின்றன. குவியல் சுருங்கினால் ஏறத்தாழ இதே விகிதம் வரும் என்று நெஸ்வோர்னியும் சகாக்களும் 2019-இல் காட்டினார்கள். அதே ஆண்டு ஜனவரி 1 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் கடந்துபோன அரோகாத் என்ற அப்பகுதிப் பொருள், இரண்டு துண்டுகள் சிதையாமல் மெல்ல ஒட்டிக்கொண்ட வடிவில் இருந்தது. வேகமாக மோதியிருந்தால் அப்படி இருக்காது.

பொருந்திவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் நம்பிவிடவும் கூடாது. சிலியின் அல்மா தொலைநோக்கி 2014-இல் எடுத்த, ஹெச்.எல். டாரி என்ற இளம் நட்சத்திரத்தின் படத்தில் தட்டு முழுக்க வளையங்கள், இடைவெளிகள். மறு ஆண்டே, மூன்று கோள்களை வைத்து ஓட்டிய சிமுலேஷன் ஒன்று அந்தப் படத்தை ஏறக்குறைய அச்சாகத் தந்தது. ஆனால் கோளே இல்லாமலும், பனி உறையும் எல்லைகளாலோ காந்தப்புலத்தாலோ வளையம் வரவைக்க முடியும் என்று வேறு கணக்குகள் சொல்கின்றன. ஒரே படத்துக்குப் பல கணக்குகள் பொருந்தினால் படம் எதையும் நிரூபிக்கவில்லை. பி.டி.எஸ். 70 என்ற நட்சத்திரத்தின் இடைவெளிக்குள் 2018-இல் ஒரு கோளே நேரடியாகத் தெரிந்தது. அந்தச் சாட்சியின் எடை வேறு.

முகிலில் தொடங்கிக் கோளில் முடியும் ஒரே ஓட்டம் இன்றுவரை இல்லை. கூழாங்கல் கணக்குகள் தட்டின் ஒரு சிறு துண்டைப் பெட்டிபோல் வெட்டியெடுத்து ஓடுகின்றன. முகில் கணக்குகளுக்குத் தட்டே மங்கலான ஒரு புள்ளி. நடுவழியாகச் சிலர், பெரிய முகில் ஓட்டத்தில் பிறந்த ஒரு நட்சத்திரத்தைத் தேர்ந்து, அதன் சுற்றுப்புறத்தை மட்டும் நுணுக்கமாக மறுபடி ஓட்டுகிறார்கள். அங்கே ஒரு சங்கடம் தலைகாட்டியிருக்கிறது. தட்டு தனியே, அமைதியாகச் சுற்றிக்கொண்டிருப்பதில்லை. வெளியிலிருந்து வாயு ஓடைகளாக வந்து அதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அல்மாவும் பிரான்சின் நோயெமா தொலைநோக்கியும் அப்படிப்பட்ட ஓடைகளை உண்மையிலேயே படம்பிடித்துவிட்டன. தனித்த, சாந்தமான தட்டு என்று வைத்துக்கொண்டு ஓட்டிய கோள் கணக்குகளில் பலவற்றை இனி அந்த ஓடைகளையும் சேர்த்துத் திரும்ப ஓட்ட வேண்டும்.