வயல்வெளிக் கருவிக்கும் முத்திரை வேண்டும்

கம்மாபுரம் போன்ற ஊர்களில், ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரைத் தொலைவிலிருந்து இயக்கும் கருவியையோ, மண்ணின் ஈரத்தை அளந்து கம்பியில்லாமல் அனுப்பும் கருவியையோ வாங்க விரும்பும் அங்கத்தினர்கள், விலையை விசாரிப்பதோடு இதனையும் கேட்டல் நலம்: தான் பேசும் சர்வர் உண்மையானதுதானா என்று இக்கருவி சோதிக்கிறதா?

கைத்தறித் துணிக்கு 2006ஆம் ஆண்டு முதல் கைத்தறி முத்திரை உண்டு. சர்வருக்கு அத்தகைய முத்திரை சான்றிதழே. நம்பகமான நிறுவனமொன்று அதில் கையொப்பமிடும். அக்கையொப்பத்தைச் சரிபார்க்கும் மூலச் சான்றிதழ் கருவிக்குள் முன்னதாகவே பதிந்திருக்கும். நினைவகம் சிறிது என்ற சாக்கில் சிலர் இச்சோதனையை நீக்கிவிடுகின்றனர். அப்போதும் செய்தி மறைமொழியில்தான் செல்லும். ஆனால் யாரிடம் செல்கிறது என்பதை யார் அறிவார்? இடையில் புகுந்தவன் மோட்டாரை நிறுத்தவும் கூடும்.

முத்திரையிடுவோரிடமும் பிழை நேர்வதுண்டு. தேசியத் தகவல் மையத்தின் சான்றிதழ்ப் பிரிவிலிருந்து கூகுள் பெயரில் உரிமையற்ற சான்றிதழ்கள் வெளியானமை 2014 ஜூலையில் தெரியவந்தது. சான்றளிப்போரைக் கண்காணிக்கும் மத்தியக் கட்டுப்பாட்டாளர் அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை உடனே ரத்துச் செய்தார்.

மூலச் சான்றிதழுக்கும் ஆயுள் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று ‘டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3’ காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல தொடர்பிழந்தன. கடிகாரம் தவறினாலும் இதே தொல்லைதான். இது 1970ஆம் ஆண்டு என எண்ணியிருக்கும் கருவிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை! ஆகவே, சரியான நேரம் பெறும் வசதியும், உள்மென்பொருளைத் தொலைவிலிருந்தே புதுப்பிக்கும் வசதியும் உண்டா என்பதை விற்பனையாளரிடம் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குக. சங்கத்தின் வழியாகப் பலர் சேர்ந்து வாங்கும்போது இப்படிக் கேட்பது எளிது.