வாடையும் கொண்டலும்

2020 டிசெம்பர் முதல் நாள். நெடுந்தீவுக்குச் செல்லும் நோக்கத்தோடு குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றேன். புயலெச்சரிக்கையால் படகுச் சேவை நிறுத்தப்பட்டிருந்தது. கடலோ குளம்போற் கிடந்தது. தீவில் என் தமக்கை நோயுற்றிருந்தாள். அவளுக்குரிய மருந்து என் பையில் இருந்தது. "இந்தக் கடலுக்கா எச்சரிக்கை?" என்று வெகுண்டேன்.

அருகிருந்த முதிய படகோட்டி ஒருவர், "தம்பி, காத்து இப்ப வாடையிலை நிக்குது. கொண்டலுக்குத் திரும்பினால் புயல் எங்களுக்குத் தெற்காலை போகுது. கச்சானுக்குத் திரும்பினால் வடக்காலை போகுது. அறுபத்துநாலிலை கொண்டலுக்குத்தான் திரும்பினது" என்றார்.

1964 டிசெம்பர் 22ஆம் நாள் வவுனியாவைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியைக் கடலுக்கு இரையாக்கிய பெயரற்ற புயலையே அவர் குறித்தார். பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டியும் பயணிகளோடு அலைவாய்ப்பட்டது.

முதியவர் கூற்று அறிவியலுக்கு முற்றும் பொருந்துவதே. நம் பாகத்துப் புயல்களில் காற்று இடஞ்சுழியாகச் சுழல்கின்றது. காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் புயலின் மையம் ஏறத்தாழ இடக்கைப் பக்கம் இருக்கும். ஒல்லாந்த அறிஞர் பைஸ் பலோட் 1857இல் வெளியிட்ட விதி இது. சுழலும் இக்காற்றுக்குச் 'சைக்கிளோன்' என்னும் பெயரைக் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் சூட்டினார்.

எனினும், காற்றுத் திரும்பும்வரை காத்திருப்பவன் நடுக்கடலில் அகப்படுவான். பாக்குநீரிணையோ ஆழங்குறைந்தது, காற்றுத் தள்ளும் நீர் கீழிறங்க வழியின்றிக் கரைமேல் ஏறும். ஆகவேதான் செய்மதிகள் வானிலிருந்து முகிற்சுழியைத் தொடர்கின்றன. புதுடில்லி மையம் வங்கக்கடற் புயல்களுக்குப் பெயரிட்டு அண்டை நாடுகளுக்கு அறிவிக்கின்றது; கொழும்பு வளிமண்டலவியல் திணைக்களம் நம்மவர்க்கு எச்சரிக்கின்றது. அன்று வந்துகொண்டிருந்த புயலின் பெயர் 'புரெவி'; மாலைதீவு வழங்கிய பெயர் அது.

மறுநாளிரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறி மன்னார்ப் பக்கமாகச் சென்றது. புங்குடுதீவில் உறவினர் வீட்டில் விழித்திருந்தேன். வாடை கொண்டலாயிற்று. பனைகள் மேற்கே வளைந்து அலறின.

கடல் அடங்கிய பின்னரே தீவை அடைந்தேன். தாமதத்துக்காகத் தமக்கை கடிந்துகொள்வாள் என எண்ணியிருந்தேன். மெலிந்த கையால் மருந்தை வாங்கிக்கொண்டு, "நீ அண்டைக்கு வராமல் விட்டது நல்லதாய்ப் போச்சுது" என்றாள்.