எருமை நாக்கு

கடம்பூரில் ரயில் நின்றால் போளி வாங்க இறங்குவார்கள். மீன் வாங்க யாரும் இறங்கியதில்லை. இந்தக் கரிசல் காட்டுக்குத் தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தால்தான் மீன். சாளைக்கும் நகரைக்கும் நடுவே எப்போதாவது பழுப்பாக ஒரு தட்டை மீன் கிடக்கும். பெயர் கேட்டால் ‘எருமை நாக்கு’ என்பார் மீன்காரர். எருமை நாக்கை நீட்டி மூக்கைத் துழாவுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இந்தப் பெயர் ஐரோப்பா வரை போயிருக்கிறது. தரங்கம்பாடியில் கிடைத்த மீனை வைத்து, 1801இல் ப்ளாக், ஷ்னைடர் என்ற ஜெர்மானியர்களின் நூல் இதற்கு ‘எருமெய்’ என்று பெயரிட்டது. இன்றைய அறிவியல் பெயர் செட்டோடெஸ் எருமெய். நாக்கை விட்டுவிட்டு எருமையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்!

தட்டை மீன்கள் பிறக்கும்போது தட்டை அல்ல. குஞ்சு மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நிமிர்ந்து நீந்தும். வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கத்துக்கு நகரும். பிறகு கண்ணில்லாத பக்கத்தை மணலில் வைத்துப் படுத்துவிடும். அந்தப் பக்கம் வெளுத்திருக்கும்.

எருமை நாக்கில் இந்தப் பயணம் பாதியில் நின்றுபோனது போலிருக்கும். தலையைத் தூக்கிப் பாருங்கள்: நகர்ந்த கண் உச்சி விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கும். முதுகுத் துடுப்பும் தலைமேல் ஏறாமல் கண்ணுக்குப் பின்னால்தான் தொடங்கும். வாயில் விரலை விட வேண்டாம். பெரிய வாய், கூரிய பல். மற்ற மீன்களைப் பிடித்துத் தின்கிற சாதி. மற்றத் தட்டை மீன்களைப் போல எந்நேரமும் படுத்துக் கிடக்காது, நிமிர்ந்தும் நீந்தும்.

தட்டை மீன்கள் படிப்படியாகப் பரிணமித்தன என்றால் பாதி நகர்ந்த கண்ணால் என்ன பயன் என்று 1871இல் உயிரியலாளர் மைவார்ட் டார்வினை மடக்கினார். அடுத்த ஆண்டே டார்வின் பதில் எழுதினார். ஆனால் கண் பாதிவழியில் நிற்கும், சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவ மீன்களை ஆய்வாளர் மேட் ஃப்ரீட்மன் விவரித்தது 2008இல்தான். இன்று வாழும் தட்டை மீன்களில் அந்தப் பழைய சாயல் அதிகம் தங்கியிருப்பது நம் எருமை நாக்கிடம்தான்.

நாக்கு மீன் என்ற சின்னத் தட்டை மீனுக்குக் கண்கள் அநேகமாக எப்போதும் இடப்பக்கம். எருமை நாக்கில் இடமும் உண்டு, வலமும் உண்டு. அடுத்த முறை வாங்கினால், வெட்டக் கொடுக்குமுன் உங்கள் மீன் எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள்.