எக்ஸெல்லில் உங்கள் இதயத் துடிப்பு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல்லைத் திறந்து பார்த்துவிட்டு, "நமக்கு என்ன கணக்கு இருக்கிறது?" என்று மூடிவிடுவது வழக்கம். எல்லோரிடமும் ஒரு கணக்கு இருக்கிறது: உங்கள் இதயம் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எத்தனை முறை துடிக்கும்? இதை நேரடியாக அளக்க, மூச்சு முட்டும்வரை ஓட வேண்டும். அது மருத்துவமனையில், டாக்டர் முன்னிலையில் டிரெட்மில்லில் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் நாம் மதிப்பிடத்தான் முடியும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமிலும் இதைச் செய்யலாம்.

ஏ1 செல்லில் உங்கள் வயதை டைப் செய்யுங்கள். ஏ2 செல்லில் =208-0.7* என டைப் செய்து, மவுஸால் ஏ1 செல்லில் ஒரு கிளிக் செய்து, என்டர் தட்டுங்கள். வயது 30 என்றால் 187 வரும்.

"220-லிருந்து வயதைக் கழித்தால் போதுமே" என்று சிலர் கேட்கலாம். அந்தப் பழைய பார்முலா 1971-ல் பாக்ஸ், ஹாஸ்கெல் முதலிய அமெரிக்க ஆய்வாளர்களின் கட்டுரையில் வந்தது. கிடைத்த சில ஆய்வுகளின் புள்ளிகளுக்கு நடுவே கண்மதிப்பாகப் போட்ட கோடுதான் அது. 2001-ல் தனகா குழுவினர் 351 ஆய்வுகளைத் திரட்டி 208 பார்முலாவைத் தந்தார்கள். 40 வயதில் இரண்டும் 180 என்றே சொல்லும். 60 வயதில் பழையது 160, புதியது 166. ஆனால் எந்தப் பார்முலாவாக இருந்தாலும், ஒரே வயதுள்ள இருவருக்குள் 10, 20 துடிப்பு வித்தியாசம் இருப்பது சகஜம். எனவே 187 என்று திரையில் வந்தால், "170-க்கும் 205-க்கும் நடுவில் எங்கோ" என்று படியுங்கள். கம்ப்யூட்டர் துல்லியமாகக் கழிக்கும். கழிக்கச் சொன்ன எண் துல்லியமா என்பது அதற்குத் தெரியாது.

அடுத்து நாடி. காலையில் எழுந்ததும் கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். அதை ஏ3-ல் போடுங்கள். ஏ4-ல் =ஏ3+(ஏ2-ஏ3)*0.4 என்றும், ஏ5-ல் அதையே 0.6 போட்டும் டைப் செய்யுங்கள் (ஏ என்பது ஆங்கில எழுத்தாக இருக்கட்டும்). பின்லாந்தின் கார்வோனென் 1957-ல் காட்டிய வழி இது. ஏ3-ல் 70 இருந்தால் ஏறக்குறைய 117, 140 என விடை வரும். மிதமான உடற்பயிற்சியின் எல்லை இதுதான்.

இனி சோதித்துப் பார்க்கலாம். நின்ற இடத்திலேயே 3 நிமிடம் கால் மாற்றி நடை போடுங்கள். நின்றவுடனே 15 விநாடி நாடியை எண்ணி நான்கால் பெருக்குங்கள். தாமதித்தால் துடிப்பு மளமளவென்று இறங்கிவிடும். விண்டோஸில் உள்ள கிளாக் புரோகிராமின் டைமர் இதற்கு உதவும். எங்கள் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நடப்பவர்கள் கவனிக்க: அதே வேகத்தில் நடந்தாலும் தார் ரோட்டைவிட மணலில் துடிப்பு கூடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. என் அப்பாவுக்கு வயது 58. அவருடைய செல்போனில் இருந்த ஒரு புரோகிராம் 220 கணக்கைப் போட்டு, "137-ஐத் தொடுங்கள்" என்றது. எவ்வளவு வேகமாக நடந்தாலும் 105-ஐத் தாண்டவில்லை. விடாமல் வேகம் கூட்டிய அவர், தலை சுற்றி மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். ரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிடுவது அட்டெனலால். அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகள் இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்திவிடும். வயதை வைத்துப் போடும் எந்தப் பார்முலாவும் இவர்களுக்குப் பொருந்தாது. இதற்காக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. டாக்டர் அப்பாவுக்குச் சொன்ன வழி எளிது: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

வாரம் ஒரு முறை இதே 3 நிமிட நடையைச் செய்து துடிப்பைக் குறித்து வையுங்கள். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு ; கீயைத் தட்டினால் செல்லில் அன்றைய தேதி வந்துவிடும். அதிகபட்சத் துடிப்பு பயிற்சியால் பெரிதாக மாறாது. அதே நடைக்கு ஆகும் துடிப்பு மெல்லக் குறைந்துவந்தால் உடல் தேறுகிறது என்று பொருள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனி ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாத்திரைகள் சாப்பிடுபவரின் ஷீட்டில் பார்முலா எதுவும் வேண்டாம். தேதியும் நடந்த நிமிடங்களும் போதும்.